எழுதாத கடைசி வரி

இரவு ஒன்றரை. பண்டாரவளை.
நகை அடகுக் கடைக்கு மேல்மாடி, ஏசி இரைகிற அறை.
வெளியே பனி கோபுரத்தை முழுதாய் விழுங்கி
உச்சிச் சிவப்பு விளக்கை மட்டும் துப்பி வைத்திருக்கிறது.

எங்களுக்கு வழி இரண்டு.
ஒன்று பெரகலை இறங்கி ஹல்துமுல்லையால் கொழும்புக்கு.
மழைக்கு மண் சரியும், கூடவே கம்பியும் சரியும்.
மற்றது வெலிமடை, நுவரெலியா சுற்றிக் கண்டிக்கு.
வளைவு கூட, காசும் கூட.
இதுவரை முதலாவதோடுதான் பேச்சு.
இன்றைக்கு இரண்டாவதையும் பேசவைக்க வேண்டும்,
நான்கு மணிக்குள், ஊர் விழிக்குமுன்.

அயலவர் யார், அவர் எண் என்ன என்று ரவுட்டர் கேட்கிறது.
சொல்கிறேன்.
நம் எண்ணையும் சொல்கிறேன்:
அறுபத்துநாலாயிரத்து ஐந்நூற்று ஏழு.
'ஆக்டிவ்' என்று திரை காட்ட
பிளேன்டீயோடு வந்த செக்யூரிட்டி சுமணசிறி
"ஹரி, ஹரி" என்று கப்பை நீட்டுகிறார்.
இல்லை ஐயா.
இதன் பாஷையில் ஆக்டிவ் என்றால்
கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறது,
இன்னும் யாரும் திறக்கவில்லை.

கண்டி வழி ஆபத்துக்கு மட்டும் போதும்.
அதனால் அந்தப் பக்கம் நம் எண்ணை
மூன்று தரம் அடுக்கி எழுதுகிறேன்.
தூரத்தில் இருப்பதாய்க் காட்ட அதுதான் வித்தை.
தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்பவரை
உலகம் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இரண்டு பத்துக்குக் கதவு திறந்தது.
வடிகட்டியை எழுதியிருந்தேன்.
மாட்ட மறந்திருந்தேன்.

பெரகலை எனக்குச் சொன்ன அத்தனை ஊரையும்
என் ஊர் போலக் கண்டிக்குச் சொல்லிவிட்டது ரவுட்டர்.
கண்டி நம்பியது.
காசு கட்டுகிறவர் சொல்லுக்கு அங்கே முதலிடம்.
யாரோ பார்க்கிற கிரிக்கெட்,
யாரோ அனுப்புகிற பணம்,
கட்டாரில் ஷிப்ட் முடித்தவன் மனைவிக்குக் காட்டும் முகம்
எல்லாம் எங்கள் நூல் கம்பிக்குள்,
ஒற்றைப் பாதையில் முப்பது பஸ் மாதிரி.
நாலு நிமிடம்.
கொழும்புக்குப் போக நாடு எங்களைக் கேட்ட நாலு நிமிடம்.
கைபேசியில் கண்டி இல்ஹாம்:
"தங்கச்சி, முழு நாட்டையும்
ஒங்கட வீட்டுக்குக் கூப்பிட்டீங்களா?"
சிரிக்கவில்லை அவர். எனக்குத்தான் சிரிப்பு வந்தது,
பிறகு கை நடுங்கியது.

மாட்டினேன்.
ஒரே வரி: எங்களுடையதை மட்டும் விடு.
அதன் கீழே யாரும் எழுதாத இன்னொரு வரி இருக்கிறது,
மற்றதெல்லாம் மறு, என்று.
தட்டச்சவும் தேவையில்லை, திரையில் தெரியவும் தெரியாது,
ஆனால் வேலை செய்யும்.
எங்கள் ஆட்களுக்கு அந்த வரியை விளக்க வேண்டியதில்லை.
பட்டியலில் பேர் இல்லாமலே
எத்தனை வருஷம் கொழுந்து நிறுத்தார்கள்.

இந்த வேலைக்கு வந்த நேர்முகக் கடிதம்கூட
தோட்ட ஒஃபீசில் பதினொரு நாள் கிடந்தது.
கீழ்ப்பிரிவில் நூற்றெட்டுக் குடும்பம், முகவரி ஒன்று.
இதோ, ஒரு கறுப்புப் பெட்டி,
இதன் பேரில் இருநூற்று ஐம்பத்தாறு முகவரி.
பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது.

மூன்றரைக்கு பெரகலைக் கம்பியை நானே பிடுங்கினேன்.
அறுபது விநாடிக்கு ஒரு தரம் உயிரோடிருக்கிறேன் என்று
சொல்லிக்கொண்டிருந்த ஒன்று வாயடைத்தது.
போக்குவரத்து ஒரு கணம் விக்கி
வெலிமடைப் பக்கம் திரும்பியது.
திரும்ப மாட்டினேன், திரும்ப வந்தது.
சுமணசிறி தூங்கிவிட்டிருந்தார்.

இப்போது பூனாகலை பஸ், ஜன்னலோர சீட்.
பனிக்குள் சூன்பாண் ஓட்டோவின் மணி.
கடைசியில் சேமித்தேனா?
ஞாபகம் இல்லை. போனில் சிக்னலும் இல்லை.
மின்சாரம் போகும்வரைக்கும்
நான் சொன்னதெல்லாம் அதற்கு நினைவிருக்கும்.